கொக்கிளாயிலிருந்து எவ்வளவு தூரம்?

கரையோர வன்னி – வரலாற்றுத் தொடர் – 17

சென்ற இதழில் முல்லைத்தீவுக் கரையின் பாய்மரத் தோணிகளையும் அவற்றை ஓட்டியவர்களின் காற்றுக் கணக்கையும் பார்த்தோம். சோழகம் எப்போது எழும், வாடை எப்போது விழும் என்று தெரிந்தவனுக்குக் கடலில் தூரம் என்பது நாட்கணக்கு. இந்த இதழில் அதே கரையில் நின்றபடி வானத்துக் கணக்கைப் பார்ப்போம்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது கொக்கிளாய். அலம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி என்று கரையோரமாக இறங்கி வரும் வீதி இங்கே முகத்துவாரத்தில் முடிந்துவிடுகிறது. எதிர்க்கரையில் திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டை. இக்கரையில் நிற்பவருக்கு அக்கரை தெளிவாகத் தெரியும். வள்ளம் இருந்தால் சில நிமிடங்களில் போய்விடலாம். வள்ளம் இல்லையென்றால் கடல்நீரேரியை முழுதாகச் சுற்றி, மணலாறு, பதவியா வழியாகப் போகவேண்டும்; கண்ணெதிரே தெரிகிற ஊருக்குப் போக அரை நாள் வேண்டும்.

இந்த முகத்துவாரத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் திருகோணமலையின் சீனக்குடா விமானத்தளம் சுமார் 55 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தின் பலாலி 130. கொழும்பின் கட்டுநாயக்க 235. சென்னை 450. லண்டன் 8,600. ரொறன்ரோ 13,800. நூறு ஆண்டுகளுக்கு முன் அளந்திருந்தாலும் இவையே வந்திருக்கும். நிலமும் கடலும் நகரவில்லை, நகர்ந்தது நேரம். அந்த நேரத்தை யார் குறைத்தார்கள், யாருக்காகக் குறைத்தார்கள், எந்தெந்த ஆண்டுகளில் அதை மீண்டும் கூட்டினார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம்.

கடிதங்கள் முதலில் பறந்தன

1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியபோது, சென்னைக்கும் கொழும்புக்கும் நடுவில் ஒரு தொடர்பயணம் உருவானது. தமிழ்நாட்டில் அதை ‘போட் மெயில்’ என்றார்கள். சென்னையில் மாலையில் ரயில் ஏறியவர், மறுநாள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறி, இரண்டு இரவுகளை வழியில் கழித்துக் கொழும்பில் கண்விழித்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய வேகம்.

வடபகுதி ரயில்பாதை 1905இலேயே காங்கேசன்துறை வரை போய்விட்டது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி என்று வன்னியின் நடுவால் அது சென்றது. கரையோர வன்னிக்கு அது வரவில்லை. முல்லைத்தீவுப் பட்டினத்திலிருந்து மாங்குளம் நிலையத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் காட்டுவழி. கொக்கிளாயிலிருந்து அதற்கு மேலும் ஒரு நாள் வண்டிப் பயணம். ஆகவே சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகும் நேரம் குறைந்தபோதும் கொக்கிளாய்க்காரருக்கு முதல் நாளின் நேரம் குறையவில்லை. இந்த ஒழுங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போகும் ஒவ்வொரு காலத்திலும் இதுவே திரும்பத் திரும்ப நடக்கிறது.

விமானம் இந்தப் பக்கத்துக்கு வந்தபோது முதலில் ஏறியது மனிதரல்ல, தபால் மூட்டை. 1929 மார்ச் 30 அன்று இம்பீரியல் எயார்வேய்ஸ் லண்டன்–கராச்சி வான்தபால் சேவையைத் தொடங்கியது. ஏழு நாட்கள், இடையில் ஐரோப்பாவில் ஒரு பகுதியை ரயிலில்தான் கடந்தார்கள். கப்பலில் வாரக்கணக்கில் வந்த கடிதத்துக்கு ஏழு நாள் என்பது புரட்சி. 1932 ஒக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சிறிய ‘பஸ் மொத்’ விமானத்தில் அந்தத் தபாலைக் கொண்டுபோனார். அங்கிருந்து நெவில் வின்சென்ற் என்ற விமானி பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். சென்னை உலகத்தின் வான்பாதையில் சேர்ந்தது அப்போதுதான்.

இலங்கைக்கு விமான நிலையம் வரப் பின்னும் மூன்று ஆண்டுகள் சென்றன. 1935 நவம்பர் 27 அன்று இரத்மலானையில் புதிதாக அமைத்த ஓடுதளத்தில் முதல் விமானம் இறங்கியது. ஓட்டியவர் டின்டேல் பிஸ்கோ. சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர். இலங்கையின் முதல் விமான நிலையத்தில் முதலில் சக்கரம் பதித்த விமானம் சென்னையின் பறப்புக் கழகத்துக்காரர் ஓட்டியது என்பதை இந்தத் தொடரைப் படிப்பவர்கள் மறக்கக்கூடாது. 1938 பெப்ரவரி இறுதியில் டாடாவின் வான்தபால் சேவை கொழும்பு வரை நீண்டது. அதன்பின் லண்டனில் போட்ட கடிதம் முழுக்க முழுக்கப் பறந்தே இலங்கைக்கு வந்துசேர வழி பிறந்தது.

இரண்டு சூரிய உதயங்கள்

இரண்டாம் உலகப்போர் இந்தத் தீவின் வானத்தை ஒரே அடியாக மாற்றியது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலான வான்பாதை அறுந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பும் 9 அன்று திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டன. சீனக்குடாவில் குண்டு விழுந்த அந்தக் காலையில் கொக்கிளாய் ஒரு போர்முனையிலிருந்து 55 கிலோமீற்றரில் இருந்தது.

வவுனியாவிலும், மின்னேரியாவிலும், காங்கேசன்துறையிலும் பிரித்தானிய விமானப்படை ஓடுதளங்களை அமைத்தது. தென்கரையில் காலிக்கு அருகே கொக்கலக் கடல்நீரேரியில் நீர்விமானத் தளம் உருவானது. கற்றலினா என்ற நீர்விமானத்துக்குத் தார்போட்ட ஓடுதளம் வேண்டியதில்லை. அலையில்லாத நீர்ப்பரப்புப் போதும். கடலுக்குப் பக்கத்திலேயே, ஆனால் கடலின் அலை உள்ளே வராத களப்புகள் இந்தத் தீவைச் சுற்றி நிறைய. அவற்றில் ஒன்று அன்று உலகத்தின் மிக நீண்ட பயணிகள் பறப்பின் ஒரு முனையாக ஆனது.

1943 ஜூன் இறுதியில் குவான்டாஸ் நிறுவனம் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்துக்கும் கொக்கலவுக்கும் இடையே இடைநிற்காத சேவையைத் தொடங்கியது. நேர்கோட்டில் 5,650 கிலோமீற்றர். ஜப்பானியர் கேட்டுவிடக்கூடாதென்று வானொலியை மூடிவைத்து, விண்மீன்களைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். சேவையில் இருந்த ஐந்து விமானங்களுக்கும் வழிகாட்டும் விண்மீன்களின் பெயர்களையே வைத்தார்கள்: அல்டெயர், வேகா, ரிஜெல், அன்ராறிஸ், ஸ்பைக்கா. எரிபொருளின் பாரம் அத்தனையும் ஏற்றியபின் மூன்று பயணிகளுக்கும் எழுபது கிலோவுக்குக் குறைந்த தபாலுக்கும் மட்டுமே இடமிருந்தது.

பறப்பு 27 முதல் 33 மணித்தியாலம் வரை எடுத்தது. வழியில் சூரியன் இரண்டு தடவை உதிக்கும். ஆகவே பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சபை’ என்ற பெயரில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். ஒரு பறப்பு 32 மணித்தியாலமும் 9 நிமிடமும் நீடித்தது. நேரக் கணக்கில் அதைவிட நீண்ட இடைநிற்காத வணிகப் பறப்பு இன்றுவரை இல்லை. 1945 ஜூலையில் சேவை முடியும்வரை 271 தடவை இந்தச் சமுத்திரத்தை அவர்கள் கடந்தார்கள். இன்றைய ஜெற் விமானம் அதே தூரத்தை ஏழு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடும்.

கொக்கிளாய்க்கு இன்னும் அருகே நடந்தது மற்றொரு பறப்பு. 1944 ஓகஸ்ட் 10 மாலை, சீனக்குடாவிலிருந்து அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் ஐம்பதுக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவற்றின் எடையைத் தாங்க அங்கிருந்த ஓடுதளத்தை முன்கூட்டியே நீட்டியிருந்தார்கள். இலக்கு, சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம். போய்த் திரும்பச் சுமார் 6,200 கிலோமீற்றர். அமெரிக்க விமானப்படை அந்தப் போரில் ஓரிடத்திலும் இறங்காமல் நடத்திய மிக நீண்ட தாக்குதற் பறப்பு அதுவே. புறப்பட்டவற்றில் 39 விமானங்களே இலக்குப் பகுதியை அடைந்தன. எண்ணெய் நிலையத்துக்கு ஏற்பட்ட சேதம் சிறியது. பல மாத ஆயத்தம், ஓர் இரவின் பேரெரிபொருள், பெரும் ஆபத்து, சிறிய விளைவு.

போர் முடிந்தபோது இந்தப் பிரதேசத்தில் ஓடுதளங்கள் இருந்தன, நீண்டதூரம் பறக்கும் விமானங்கள் இருந்தன, பழகிய விமானிகள் இருந்தார்கள். அவற்றை மக்கள் பயணத்துக்குத் திருப்புவதுதான் மிச்சமிருந்த வேலை.

சீதாதேவி காங்கேசன்துறையில் இறங்கினாள்

1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் பறப்பு புறப்பட்டது. விமானம் டி.சி.-3 டக்கோட்டா, பெயர் சீதாதேவி. பாதை இரத்மலானை – காங்கேசன்துறை – சென்னை. சுதந்திரத்துக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போதே தொடங்கிய ஒரு தேசிய விமான சேவை, தன் முதல் நாளிலேயே யாழ்ப்பாணத்தில் இறங்கிச் சென்னைக்குப் போனது. அன்றைய ஆட்சியாளர்களுக்கு அது இயல்பான பாதையாகத் தெரிந்தது. கொழும்புக்கும் சென்னைக்கும் நடுவில் வடக்கு இருக்கிறது. அங்கே பயணிகளும் இருந்தார்கள். மாணவர்கள், வணிகர்கள், சிதம்பரத்துக்கும் மதுரைக்கும் போகும் அடியார்கள், வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகும் குடும்பங்கள்.

காங்கேசன்துறை ஓடுதளமான பலாலியிலிருந்து சென்னை மீனம்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீற்றர். பலாலியிலிருந்து கட்டுநாயக்க 290. யாழ்ப்பாணத்துக்காரருக்கு இரண்டு தலைநகரங்களும் ஏறத்தாழ ஒரே தொலைவு. ஏறத்தாழ மணிக்கு 270 கிலோமீற்றர் பறக்கும் டக்கோட்டாவுக்கு இரண்டுமே ஒன்றரை மணித்தியாலத்துக்கு உட்பட்ட தூரம். இரண்டு இரவு ரயிலும் கப்பலுமாகக் கழிந்த பயணம் ஒரு காலைப்பொழுதுக்குள் சுருங்கியது.

1949இல் எயார் சிலோன் லண்டனுக்கும் பறந்தது. நீண்ட பாதைகள் நாட்டுக்குப் பெருமை சேர்த்தன. ஆனாலும் வடக்கின் சாதாரண மனிதருக்குப் பயன்பட்டது இந்தக் குட்டைப் பாதைதான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்து ரயில்–கப்பல் வழியை முறித்தபோது அதன் பெறுமதி இன்னும் கூடியது.

வன்னிக்கு இதில் என்ன கிடைத்தது? வவுனியாவில் போர்க்காலத்து ஓடுதளம் இருந்தும் அது பயணிகளுக்கான நிலையமாக வளரவில்லை. முல்லைத்தீவுக்காரர் பலாலிக்குப் போகவேண்டும், அல்லது இரத்மலானைக்கு. ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போய்ச் சேரும் நேரம், யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் பறக்கும் நேரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு. மாங்குளம் ரயில் நிலையக் கதைதான் இங்கும்.

1978ஐ ஒட்டி எயார் சிலோனின் காலம் முடிந்தது. பலாலி–சென்னைப் பறப்பும் நின்றது. அது மறுபடி எழ நான்கு தசாப்தங்கள் ஆயின.

நேர்கோட்டில் போக முடியாத பயணம்

பின்னர் உள்நாட்டுப் போர் இந்தக் கரைக்கும் வந்தது. 1984 நவம்பர் 30 அன்று டொலர், கென்ற் பண்ணைக் குடியேற்றங்களிலும், மறுநாள் கொக்கிளாய், நாயாறு மீன்பிடிக் குடியிருப்புகளிலும் சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாட்களில் தமிழ்க் கிராமங்கள் மீது இராணுவ நடவடிக்கைகள் நடந்தன. தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் மக்கள் வீடு, வள்ளம், வயல் எல்லாவற்றையும் விட்டு வெளியேறினார்கள். திரும்பி வரக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இரண்டு பக்கத்துச் சாவுகளையும் சேர்த்தே இந்தக் கரையின் வரலாற்றைச் சொல்லவேண்டும்.

அந்த ஆண்டுகளில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் புறப்பட்டவர்களின் பயணத்தை எந்த அட்டவணையும் காட்டாது. கொழும்பிலிருந்து மேற்கு ஐரோப்பாவுக்கு ஒரு பறப்பு பத்துப் பதினொரு மணித்தியாலம். ஆனால் விசா இல்லாதவருக்கு அந்தப் பாதை மூடியிருந்தது. அவர்கள் வேறு வழி கண்டார்கள். மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்துக்குப் பறந்து, அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் போனார்கள். பனிப்போரால் பிளந்த ஒரு நகரத்தில், மேற்கு அந்த எல்லையை எல்லையாக ஏற்காததால் கிடைத்த இடுக்கு அது. 1985 ஜூலையில் கிழக்கு ஜேர்மனி, விசா இல்லாத தமிழரை மேற்கு பேர்லினுக்குக் கடக்க விடுவதை நிறுத்தியது. ஒரே அறிவித்தலில் ஒரு பாதை மறைந்தது.

அடுத்த ஆண்டு, 1986 ஓகஸ்ட் 11 அன்று, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் கண்டெடுத்தார்கள். ஜேர்மனியிலிருந்து கப்பலில் ஏற்றிவந்து நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள். அத்திலாந்திக்கை விமானம் ஏழெட்டு மணித்தியாலத்தில் தாண்டிக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் அதைக் கடந்தது கப்பலின் அறைகளிலும் திறந்த படகிலும். தூரம் ஒன்றுதான். கடவுச்சீட்டும் விசாவும் உள்ளவனுக்கு அது மணிக்கணக்கு. இல்லாதவனுக்கு வாரக்கணக்கு, மாதக்கணக்கு, சிலருக்கு உயிர்க்கணக்கு.

ஏஜென்சிக்குக் காசு கட்டி, ஆபிரிக்காவிலும் தாய்லாந்திலும் ‘றான்சிற்’ என்று சொல்லி மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்து, பின் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இறங்கிய ஆயிரக்கணக்கானோரின் பயணக் குறிப்புகளை இன்னும் நாம் முறையாகச் சேகரிக்கவில்லை. அந்தத் தலைமுறை இன்று முதுமையை எட்டுகிறது. ஒவ்வொரு குடும்பமும் தன் பெரியவர்களிடம் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை நாள், எதில் வந்தீர்கள் என்று கேட்டு எழுதி வைத்தால் அதுவே நம் வான்வழி வரலாற்றின் மூல ஆவணமாகும்.

பதினைந்து நிமிடம்

ஊரில் நின்றவர்களுக்கு விமானம் என்றால் பயணம் என்ற நினைப்பே மறைந்துபோனது. 1996இல் இலங்கை விமானப்படை கிபிர் விமானங்களை வாங்கியது. அவற்றின் தளம் கட்டுநாயக்க. அங்கிருந்து முல்லைத்தீவுக் கரை ஏறத்தாழ இருநூற்றைம்பது கிலோமீற்றர்தான். மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீற்றரில் வந்தால் பதினைந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூட. கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர ஒரு நாள் முழுதும் வேண்டியிருந்த இடத்துக்குக் குண்டு கால்மணி நேரத்தில் வந்தது.

வேவு விமானத்தை மக்கள் ‘வண்டு’ என்றார்கள். வண்டு சுற்றினால் கிபிர் வரும் என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். சத்தம் கேட்டதும் பங்கருக்குள் இறங்க எத்தனை நொடி என்பதுதான் அந்தக் காலத்துப் பறப்பு நேரக் கணக்கு. 2006 ஓகஸ்ட் 14 அன்று வள்ளிபுனத்தில் குண்டு விழுந்தபோது மாணவிகள் பலர் கொல்லப்பட்டார்கள். 2007 மார்ச் 26 அதிகாலை அதே வான்பாதையில் எதிர்த்திசையாக வன்னியிலிருந்து பறந்த விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கின. அந்தப் பாதையில் இரண்டு திசையிலும் மரணம்தான் பறந்தது. ஒரு பயணியும் பறக்கவில்லை.

1947இல் சீதாதேவி காட்டிய பாதை எவ்வளவு பெரிய கொடை என்பதை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் விளங்கும். விமானம் என்ற பொறி எதுவும் தானாக முடிவு செய்வதில்லை. யாரை ஏற்றுவது, எங்கே இறக்குவது, எதைச் சுமப்பது என்பதை அரசுகளும் மனிதர்களும் முடிவு செய்கிறார்கள்.

நூலைப் பிடித்துப் பாருங்கள்

இனி இன்றைய கணக்குக்கு வருவோம். பூகோள உருண்டை ஒன்றில் ரொறன்ரோவில் ஒரு விரலையும் கொக்கிளாயில் ஒரு விரலையும் வைத்து நூலை இறுக்கிப் பிடியுங்கள். தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வியப்பாக இருக்கும். நூல் அத்திலாந்திக்கின் நடுவால் போகாது. வடகிழக்காக ஏறிக் கிரீன்லாந்தைத் தாண்டி, ஏறத்தாழ 73 பாகை வட அகலாங்கு வரை போய், ரஷ்யாவின் வடமேற்குக்குள் இறங்கி, கசகஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கமாக வந்து, இந்தியாவின் நீளத்தைக் கடந்து நம் கரைக்கு வரும். உருண்டையில் இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய பாதை இதுவே. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள்.

இந்தப் பாதையின் இரண்டாம் பாதியில் நமக்கு முன்பே பறந்தவர்கள் உண்டு. கொக்கிளாய்க் கடல்நீரேரி 1951ஆம் ஆண்டிலிருந்து பறவைகள் சரணாலயம். மாரி தொடங்கும்போது வடக்கு ஆசியாவிலிருந்து மத்திய ஆசிய வான்வழியால் நீர்ப்பறவைகள் இந்தத் தீவின் களப்புகளுக்கு வந்து, வெயில் ஏறும்போது திரும்புகின்றன. பறவையால் எவ்வளவு தூரம் நிற்காமல் பறக்க முடியும் என்பதற்கு 2022 ஒக்டோபரில் ஒரு சான்று கிடைத்தது. செய்மதிக் கருவி பொருத்திய பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீற்றரைப் பதினொரு நாளில், எங்கும் இறங்காமல் கடந்தது. கொக்கிளாயிலிருந்து ரொறன்ரோவுக்கு உள்ள தூரமும் ஏறத்தாழ அதுவே.

விமானமோ அந்த நேர்ப்பாதையில் வருவதில்லை. ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு வருபவர்கள் டுபாய், டோஹா, லண்டன் போன்ற ஓர் இடத்தில் மாறி வருகிறார்கள். 2022இல் உக்ரைன் போரை அடுத்து ரஷ்யா தன் வானத்தைக் கனடா, பிரித்தானியா, ஐரோப்பிய நாடுகளின் விமானங்களுக்கு மூடியது. ஆசியாவுக்கான பல பாதைகள் நீண்டன. இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ரொறன்ரோவிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் 14,000 கிலோமீற்றர். டுபாய் வழியாக வந்தால் 11,080உம் 3,290உம் சேர்த்து 14,370. கூடுவது 370 கிலோமீற்றர், அதாவது அரை மணித்தியாலத்துக்கும் குறைவான பறப்பு. பயணத்தை நீட்டுவது இந்தச் சுற்றுப்பாதை அல்ல, மாறும் நிலையத்தில் காத்திருக்கும் மணித்தியாலங்கள்.

பறப்பு நேரம் என்று பயணச்சீட்டில் இருப்பதும் வானில் இருக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் தரிப்பிடத்தை விட்டு நகரத் தொடங்குவதிலிருந்து மறுமுனையில் தரிப்பிடத்தில் நிற்பது வரை உள்ள நேரம் அது. லண்டன்–கொழும்பு 8,700 கிலோமீற்றர். மணிக்குத் தொள்ளாயிரம் வீதம் வகுத்தால் பத்துக்கும் குறைவு. அட்டவணையில் பத்தரையிலிருந்து பதினொன்றுக்கும் மேல் இருக்கும். மேலே பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக்காற்று வரும்போது தள்ளிவிடுகிறது, போகும்போது தடுக்கிறது. அதனால்தான் ஊருக்கு வரும் பறப்பைவிடத் திரும்பும் பறப்பு நீளம்.

கடைசிப் பகுதி

2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 அன்று அலையன்ஸ் எயாரின் ஏ.ரி.ஆர். விமானம் சென்னையிலிருந்து வழமையான சேவையைத் தொடங்கியது. கொரோனாத் தொற்றால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டது. 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் சேர்ந்தது. 355 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலமும் சில நிமிடங்களும். வேகத்தில் டக்கோட்டாவின் காலத்திலிருந்து இந்தப் பாதை பெரிதாக மாறிவிடவில்லை. நாற்பது ஆண்டுகள் நாம் இழந்தது தொழில்நுட்பம் இல்லாததால் அல்ல, சமாதானம் இல்லாததால்.

இப்போது கொக்கிளாயில் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். பிள்ளைகள் ரொறன்ரோவில், தாய்க்குச் சென்னையில் சத்திரசிகிச்சை. பலாலி 130 கிலோமீற்றர் என்றாலும் வீதி முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, பரந்தன், ஆனையிறவு என்று வளைந்து போகிறது. வாகனம் பிடித்தால் மூன்று நான்கு மணித்தியாலம், பஸ் மாறிப் போனால் அதைவிடக் கூட. பறப்பு ஒரு மணித்தியாலம். கட்டுநாயக்கவுக்குப் போவதென்றால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஓர் இரவுப் பயணம். டுபாயிலிருந்து கொழும்புக்கு 3,290 கிலோமீற்றர் பறந்து வர நான்கரை மணித்தியாலம் எடுக்கும் பிள்ளைக்கு, கட்டுநாயக்கவிலிருந்து தாயின் வாசலுக்கு வர அதைவிடக் கூட நேரம் ஆகிறது.

தெற்கே போக வேண்டியவர்களுக்கு முகத்துவாரம் குறுக்கே நிற்கிறது. கொக்கிளாய்க்கும் புல்மோட்டைக்கும் நடுவே பாலம் வேண்டும் என்பது இரண்டு கரை மக்களின் நீண்டகாலக் கோரிக்கை. தமிழ், முஸ்லிம், சிங்கள மீனவர்கள் எல்லாருக்கும் பயன்படக்கூடிய பாலம் அது. அது வந்தால் முல்லைத்தீவுக் கரையிலிருந்து திருகோணமலைக்கு ஒரு காலைப்பொழுது போதும். அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, சீனக்குடாவில் ஓடுதளம் இருக்கிறது. 1944இல் அந்த ஓடுதளத்திலிருந்து ஓர் இரவில் சுமாத்திரா வரை போய் வந்தார்கள். எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் 55 கிலோமீற்றருக்கு இப்பாலுள்ள ஊர் அதே ஓடுதளத்துக்குச் சுற்றுவழியால்தான் போகிறது என்றால், அது பொறியியலின் குறையல்ல. ஒரு ஊரை வரிசையில் கடைசியாக வைத்ததன் குறை.

நூறு ஆண்டுகளாக வான்வழி வரலாற்றைப் பெரிய நகரங்களின் பெயர்களை வைத்தே எழுதி வருகிறோம்: லண்டன்–கராச்சி, கராச்சி–சென்னை, பேர்த்–கொக்கல, சென்னை–யாழ்ப்பாணம். அந்த வரலாற்றை இரண்டு வாசல்களுக்கு இடையே அளந்து எழுதினால்தான் அது முழுமையாகும். அப்படி அளந்தால், கரையோர வன்னியின் தூரத்தைக் குறைக்கப் புதிய விமானம் எதுவும் தேவையில்லை. ஒரு பாலமும், செப்பனிட்ட வீதியும், பலாலியிலிருந்து தவறாமல் பறக்கும் சேவையும், யாரும் இனி இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடவேண்டியிராத நிம்மதியும் போதும். இவற்றைக் கேட்பது சலுகை கேட்பது அல்ல. மற்ற ஊர்களுக்கு நெடுநாளாகக் கிடைத்த நேரத்தை இந்த ஊருக்கும் கேட்பது.

அடுத்த இதழில்: புல்மோட்டைக் கரையின் இல்மனைற் மணல் – அது கப்பலேறிய கதை.

(தொடரும்)